ஷார்ட் செய்ய 150% மார்ஜின் என்றால் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

புதுக்கரடி

வணக்கம். அமெரிக்கப் புரோக்கர் ஒருவரிடம் மார்ஜின் கணக்கு (புரோக்கரிடம் கடனோ இரவலோ வாங்கி வர்த்தகம் செய்யும் கணக்கு) வைத்திருக்கிறேன். இதுவரை பங்கை வாங்கி, ஏறினால் விற்பதுதான் பழக்கம். இப்போது கணக்கில் 4,000 டாலர் ரொக்கம் இருக்கிறது, கடன் எதுவும் இல்லை.

ஒரு நிறுவனத்தின் காலாண்டு அறிக்கைகளை வரிசையாகப் படித்து வருகிறேன். விற்பனை ஏறுகிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறுகிறது, கிடங்கில் சரக்கும் தேங்குகிறது. பங்கு 50 டாலரில் நிற்கிறது. இந்த விலை நிலைக்காது என்பது என் கணிப்பு. 100 பங்கை ஷார்ட் செய்து (இரவல் வாங்கி விற்று, விலை இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடுப்பது) இரண்டு மூன்று மாதம் வைத்திருக்கலாம் என்று யோசனை.

மார்ஜின் பக்கத்தைத் திறந்தால்தான் குழப்பம். ஒரு கட்டத்தில் இனிஷியல் 150% என்கிறது. பக்கத்துக் கட்டத்தில் மெயின்டெனன்ஸ் 40% என்கிறது. 100 பங்கின் மதிப்பு 5,000, அதில் 150% என்றால் 7,500. என்னிடம் அவ்வளவு இல்லை. ஆனால் ஆர்டர் போடுவதற்கு முன் வரும் முன்னோட்டத் திரையில் ஆர்டர் செல்லும் என்றுதான் வருகிறது. அதற்கும் மேலே, ஆர்டருக்குப் பின் ரொக்கம் 9,000 டாலர் என்று காட்டுகிறது. எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தேன், 160 பங்கு வரை ஏற்றுக்கொள்கிறது.

வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு விதிமுறைப் பக்கத்தின் சுட்டியை அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். 7,500 நான் கொண்டு வர வேண்டுமா, இல்லையா? விற்றுக் கிடைக்கும் 5,000 என்னுடையதா? 150க்கும் 40க்கும் என்ன சம்பந்தம்? பங்கு எந்த விலைக்கு ஏறினால் மார்ஜின் கால் (கூடுதல் பணம் போடச் சொல்லும் அழைப்பு) வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓரக்கண்

சுருக்கமாகச் சொல்கிறேன், மற்றவர்கள் விளக்குவார்கள். அந்த 150இல் 100 நீங்கள் விற்று வரும் பணம்தான். உங்கள் கையிலிருந்து போவது 50 மட்டும். அதாவது 2,500 டாலர். அதனால்தான் 4,000 வைத்துக்கொண்டு 5,000க்கு ஷார்ட் போட முடிகிறது. திரையில் தெரியும் 9,000ஐ நம்பி வேறு எதையும் வாங்கிவிடாதீர்கள்.

மார்ஜின்மேசை

புதுக்கரடி, நான் ஒரு தரகு நிறுவனத்தின் மார்ஜின் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். இந்தக் கேள்வியைத் தொலைபேசியில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கால் வந்த பிறகுதான் கேட்பார்கள். நீங்கள் ஆர்டர் போடுவதற்கு முன்பே கேட்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 5,000 யாருடையது என்பது. ஷார்ட் என்றால் உங்களிடம் இல்லாத பங்கை இரவல் வாங்கி விற்பது. இரவல் கொடுப்பது பெரும்பாலும் அதே புரோக்கரிடம் மார்ஜின் கணக்கு வைத்திருக்கும் இன்னொருவரின் பங்கு, அல்லது வேறொரு நிறுவனத்திடமிருந்து உங்கள் புரோக்கர் எடுத்து வருவது. பங்கைக் கொடுத்தவருக்கு ஈடு வேண்டும். நீங்கள் விற்று வந்த பணம் அந்த ஈடாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. திரையில் அது உங்கள் ரொக்கத்தோடு கூட்டிக் காட்டப்படுகிறது, அவ்வளவுதான். அதை எடுக்கவும் முடியாது, அதை வைத்து வேறு பங்கு வாங்கவும் முடியாது. சிறு கணக்குகளுக்கு அதன்மேல் வட்டியும் பொதுவாகத் தரமாட்டார்கள்.

ஈடு 100% மட்டும் இருந்தால் பங்கு ஒரு டாலர் ஏறினாலே பள்ளம் விழுந்துவிடும். அதை அடைக்கத்தான் மேலே 50%. இது புரோக்கர் இஷ்டத்துக்கு வைத்தது அல்ல. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ரெகுலேஷன் டி (Regulation T) சொல்வது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுத்தது. பங்குகளுக்கான இந்த 50% அளவு 1974 ஜனவரியிலிருந்து மாறவே இல்லை. இது நீங்கள் ஷார்ட்டில் நுழையும் நாளுக்கான விதி. ஒரு முறை நுழைந்துவிட்டால் அதன் வேலை ஏறக்குறைய முடிந்தது.

மறுநாளிலிருந்து உங்களை ஆள்வது மெயின்டெனன்ஸ். அமெரிக்கத் தரகு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஃபின்ராவின் 4210ஆம் விதி குறைந்தபட்சமாக வைத்திருப்பது 30%. புரோக்கர் அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். உங்களுடையவர் 40 வைத்திருக்கிறார். 150ஐயும் 40ஐயும் ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும், ஏனென்றால் 150 என்பது விற்ற பணத்தையும் சேர்த்துச் சொல்வது, 40 என்பது உங்கள் சொந்தப் பணத்தை மட்டும் சொல்வது. ஒரே அளவில் பார்க்க வேண்டுமென்றால் நுழையும்போது 50, அதன் பின் 40. இடையில் இருக்கும் அந்தப் பத்துதான் உங்கள் மூச்சு விடும் இடம்.

இப்போது கணக்கு. கணக்கில் இருக்கும் மொத்தப் பணம், அதாவது விற்றுவந்ததும் நீங்கள் போட்டதும் சேர்ந்தது, பங்கு ஏறினாலும் இறங்கினாலும் மாறாது. மாறுவது திருப்பிக் கொடுக்க வேண்டிய பங்கின் மதிப்பு. மொத்தப் பணத்திலிருந்து அந்த மதிப்பைக் கழித்தால் வருவது ஈக்விட்டி. ஈக்விட்டி அந்த மதிப்பில் 40%க்குக் கீழே போனால் கால். அப்படியானால் மொத்தப் பணத்தை 1.4ஆல் வகுத்து, வருவதைப் பங்கின் எண்ணிக்கையால் வகுத்தால் கால் வரும் விலை கிடைக்கும்.

முதலில் 2,500 மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மொத்தப் பணம் 7,500. வகுத்தால் 5,357. அதாவது பங்கு 53.57 டாலரைத் தாண்டினால் கால். 50இலிருந்து ஏழு சதவீதம்! பல பங்குகள் ஒரே வாரத்தில் நகரக்கூடிய தூரம் அது. ஃபின்ரா விதியின் குறைந்தபட்சமான 30% என்றாலும் 57.69 வரைதான்.

நீங்கள் 4,000 முழுவதையும் வைத்து 100 பங்கு போட்டால் மொத்தப் பணம் 9,000. கால் 64.28இல் வரும். திரை ஏற்கும் 160 பங்கையும் போட்டால்? விற்றது 8,000, உங்களுடையது 4,000, ஆக 12,000. 1.4ஆல் வகுத்து 160ஆல் வகுங்கள், மீண்டும் அதே 53.57. 60 பங்கு மட்டும் போட்டால் 83.33. நிறுவனம் அதேதான், உங்கள் கணிப்பும் அதேதான், ஆனால் எண்ணிக்கையைப் பொறுத்து உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் எப்படி மாறுகிறது பாருங்கள். ஆர்டர் பொத்தானைத் தொடுவதற்கு முன் இந்த விலையை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். அந்த விலைக்குப் பங்கு போகவே போகாது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

வாங்கி வைப்பதற்குப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 2,500 சொந்தப் பணம், 2,500 கடன் என்று 5,000க்குப் பங்கு வாங்கினால், ஃபின்ராவின் 25% குறைந்தபட்ச விதிப்படி பங்கு 33.33க்கு இறங்கினால்தான் கால். மூன்றில் ஒரு பங்கு விழ வேண்டும். ஷார்ட்டில், அதே குறைந்தபட்ச விதியில், 15% ஏறினாலே கால். வாங்கியவருக்கு நஷ்டம் வரும்போது அவருடைய பொசிஷனும் (கையிலுள்ள வர்த்தகத்தின் மதிப்பு) சிறிதாகிக்கொண்டே வருகிறது, கேட்கும் மார்ஜின் தொகையும் குறைகிறது. ஷார்ட்டில் நஷ்டம் வரும்போது பொசிஷன் பெரிதாகிறது. ஈக்விட்டி கரையும் அதே நேரத்தில் தேவையும் ஏறுகிறது. கத்தரிக்கோலின் இரண்டு அலகும் ஒன்றாக மூடுகிற மாதிரி.

எங்கள் மேசையில் காலையில் முதலில் திறப்பது பற்றாக்குறைப் பட்டியலைத்தான். கணக்கு எண், ஈக்விட்டி, தேவை, பற்றாக்குறை என்று நான்கு பத்திகள், பற்றாக்குறை பெரியது மேலே. முந்தைய நாள் மாலை ஏதாவது நிறுவனம் நல்ல முடிவு அறிவித்திருந்தால், அந்தப் பங்கில் ஷார்ட் வைத்தவர்கள் பட்டியலின் தலையில் கொத்தாக நிற்பார்கள். அவர்களில் பலர் ஸ்டாப் ஆர்டர் (குறித்த விலையைத் தொட்டதும் தானாக மூடும் ஆர்டர்) போட்டு வைத்திருந்தவர்கள்தான். 50இல் மூடிய பங்கு மறுநாள் 61இல் திறந்தால் 54இல் போட்ட ஸ்டாப் 61இல்தான் நிறைவேறும். அறிவிப்பு எந்தத் தேதியில் என்று பார்த்து வைப்பது அதனால் அவசியம், உங்கள் மாதிரி மாதக் கணக்கில் வைத்திருப்பவருக்கு இடையில் ஒரு அறிவிப்பாவது வரும்.

புதுக்கரடி

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. மொத்தப் பணம் மாறாது, பங்கின் மதிப்புதான் மாறும் என்ற அந்த ஒரு வரியில் எல்லாம் தெளிந்துவிட்டது. 160ஐ நானும் போட்டிருப்பேன் என்று நினைக்கவில்லை, ஆனால் 100 போடுவதாகத்தான் இருந்தேன். இப்போது 60 என்று யோசிக்கிறேன்.

இன்னும் கொஞ்சம் கேட்கலாமா? கால் வந்தால் எவ்வளவு பணம் போட வேண்டும், எத்தனை நாள் தருவார்கள்? பணம் போடாமல் கொஞ்சம் பங்கைத் திருப்பி வாங்கினால் போதுமா? அப்புறம், இந்த 40% நான் உள்ளே இருக்கும்போதே மாறுமா? 6 டாலரில் இன்னொரு பங்கும் என் பட்டியலில் இருக்கிறது. அதில் மெயின்டெனன்ஸ் என்ற இடத்தில் 83% என்று போட்டிருக்கிறார்கள். தவறாக ஏற்றியிருக்கிறார்களோ?

மார்ஜின்மேசை

தவறு இல்லை. விலை குறைந்த பங்குகளுக்குத் தனிக் கணக்கு. 5 டாலரும் அதற்கு மேலும் உள்ள பங்குக்கு 30% அல்லது பங்குக்கு 5 டாலர், எது அதிகமோ அது. 6 டாலர் பங்கில் 30% என்பது 1.80தான், அதனால் 5 டாலர் கேட்கிறார்கள். ஆறில் ஐந்து, அதுதான் அந்த 83. 30% விதியில், 5 டாலரிலிருந்து 16.67 டாலர் வரை உள்ள எல்லாப் பங்குக்கும் இந்த 5 டாலர்தான் ஆட்சி செய்யும். 5 டாலருக்குக் கீழே போனால் இன்னும் கடுமை: 100% அல்லது பங்குக்கு 2.50, எது அதிகமோ அது. 2 டாலர் பங்குக்கு 2.50 வைக்க வேண்டும், அதாவது 125%. பங்கு விழ விழ லாபம் வருகிறதே தவிர, மார்ஜின் அதே வேகத்தில் விடுபடுவதில்லை. சில்லறை விலைப் பங்கை ஷார்ட் செய்வது மலிவு என்று நினைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், கணக்கில் குறைந்தது 2,000 டாலர் ஈக்விட்டி இருக்க வேண்டும் என்பதும் உண்டு.

எவ்வளவு போடுவது என்பதற்கு, 2,500 மட்டும் வைத்து 100 பங்கு ஷார்ட் செய்தவரை எடுத்துக்கொள்வோம், எண்ணுக்கு எளிதாக 30% விதியில். பங்கு 60க்குப் போகிறது. மதிப்பு 6,000, ஈக்விட்டி 1,500, தேவை 1,800. பற்றாக்குறை 300. ரொக்கமாகப் போட்டால் 300 போதும். பங்காக ஈடு வைத்தால் அந்தப் பங்குக்கே 25% மார்ஜின் போய்விடும், ஆகவே 400 டாலர் மதிப்புள்ள பங்கு வேண்டும். திருப்பி வாங்கிச் சமாளிப்பதென்றால்? இங்கேதான் கணக்கு தடுமாறும். ஒரு டாலருக்குத் திருப்பி வாங்கினால் தேவை 30 சென்ட்தான் குறையும். 300ஐ விடுவிக்க 1,000 டாலருக்கு வாங்க வேண்டும், 60 டாலர் வீதம் 17 பங்கு. பொசிஷனில் ஆறில் ஒரு பகுதி நஷ்டத்தில் மூடியாயிற்று, அதுவும் கால் தீரும் அளவுக்கு மட்டுமே. மறுநாள் இன்னும் ஒரு டாலர் ஏறினால் திரும்பவும் அதே கதை.

அவகாசம் பற்றிக் கேட்டீர்கள். ஃபின்ரா விதியில் மெயின்டெனன்ஸ் பற்றாக்குறையைத் தீர்க்க 15 வேலை நாள் என்ற உச்சவரம்பு உண்டு. அது புரோக்கருக்கு விதிக்கப்பட்ட வரம்பு, உங்களுக்குக் கொடுக்கப்பட்ட உரிமை அல்ல. கணக்குத் திறக்கும்போது ஒரு மார்ஜின் அறிவிப்பு ஆவணம் கொடுத்திருப்பார்கள், தயவுசெய்து அதைத் தேடி எடுத்துப் படியுங்கள். உங்களைத் தொடர்புகொள்ளாமலேயே கணக்கில் உள்ளதை முடிக்கலாம், எதை முடிப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கலாம், கூடுதல் அவகாசம் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை, மார்ஜின் அளவை முன்னறிவிப்பு இல்லாமல் உயர்த்தலாம், போட்ட பணத்துக்கு மேலும் நஷ்டம் வரலாம் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கும். நடைமுறையில் இரண்டு மூன்று நாள் தருபவர்கள் உண்டு. சந்தை வேகமாக ஓடும் நாளில் மணி நேரம்கூடத் தராதவர்களும் உண்டு. இப்போதெல்லாம் பல இடங்களில் இதை மனிதர் செய்வதில்லை, மென்பொருள் செய்கிறது. அதனிடம் கெஞ்ச முடியாது.

40 மாறுமா என்றால், மாறும். 2021 ஜனவரியில் கேம்ஸ்டாப் பங்கை நினைத்துப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் 20 டாலருக்குக் கீழே இருந்தது, 28ஆம் தேதி பகலில் 483ஐத் தொட்டது (பின்னால் பங்கு பிரிக்கப்பட்டதால் இப்போதைய வரைபடங்களில் நான்கில் ஒன்றாகத் தெரியும்). அந்த வாரத்தில் புரோக்கர்கள் மார்ஜினை ஏற்றிக்கொண்டே போனார்கள், ஷார்ட்டுக்கு 300% வரை கேட்டவர்களும் உண்டு. முந்தைய நாள் வரை கணக்கு சரியாக இருந்தவர்கூட, பங்கு ஒரு சென்ட் ஏறாமல் போயிருந்தாலும், மாற்றத்தாலேயே பற்றாக்குறைக்குள் விழுந்திருப்பார். அது உச்சக்கட்டம்தான். சாதாரணமாக ஒரே பங்கில் உங்கள் கணக்கு முழுவதும் குவிந்திருந்தாலோ, காலாண்டு முடிவு நெருங்கினாலோ, பங்கின் ஏற்ற இறக்கம் கூடினாலோ 40 என்பது 50, 60 என்று ஆவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் 60 பங்குத் திட்டத்தில் 60% ஆனால் என்ன ஆகும்? 7,000ஐ 1.6ஆல் வகுத்து 60ஆல் வகுத்தால் 72.91. தாங்கும். 100 பங்காக இருந்திருந்தால் 56.25. இதற்காகத்தான் எண்ணிக்கையைப் பற்றி அவ்வளவு வலியுறுத்தினேன்.

வெண்பனி

மார்ஜின்மேசை சார் கணக்கை முழுக்கச் சொல்லிவிட்டார். இரவல் பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வலித்தது அங்கேதான்.

ஒரு சிறு நிறுவனத்தின் பங்கை ஷார்ட் செய்திருந்தேன். உள்ளே போகும்போது இரவல் கட்டணம் வருடத்துக்கு 4% என்று போட்டிருந்தது, பெரிதாகத் தெரியவில்லை. என்னைப் போலவே நினைத்தவர்கள் கூடிவிட்டார்கள், இரவலுக்குப் பங்கு கிடைப்பது அரிதாகிவிட்டது. கட்டணம் 60% தாண்டியது. இது நாள் கணக்கில், பெரும்பாலும் வருடத்துக்கு 360 நாள் என்று வைத்துப் போடுவார்கள். 5,000 டாலர் பொசிஷனுக்கு 60% என்றால் ஒரு நாளைக்கு 8.33 டாலர். சனி, ஞாயிறுக்கும் சேர்த்துத்தான். பங்கு விலை ஏறினால் அதன் மேல்தான் கட்டணம், ஆகவே அதுவும் ஏறும். கழிக்கப்படும் பணம் கணக்கின் மொத்தப் பணத்திலிருந்துதான் போகிறது, ஆகவே சார் சொன்ன அந்தக் கால் விலையும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். மொத்தப் பணம் மாறாது என்பதில் இது ஒரு விதிவிலக்கு.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் காலை சந்தை திறப்பதற்கு முன் மின்னஞ்சல்: இரவல் கொடுத்தவர் பங்கைத் திரும்பக் கேட்கிறார், மாற்று கிடைக்கவில்லை, இன்றைக்குள் மூடுங்கள், இல்லையென்றால் நாங்கள் வாங்கிவிடுவோம். நான் திரையைத் திறப்பதற்குள் அவர்களே வாங்கி முடித்திருந்தார்கள், அன்றைய உயர்ந்த விலைக்கு அருகில். என் ஈக்விட்டியில் எந்தக் குறையும் இல்லை, கால் எதுவும் இல்லை. அடுத்த சில வாரங்களில் பங்கு நான் நினைத்தபடியே சரிந்தது, நான் அதில் இல்லை. புகார் எழுதினேன். ஒப்பந்தத்தில் எந்தப் பத்தியில் அந்த உரிமை இருக்கிறது என்று பதில் வந்தது. விதிப்படி அவர்கள் செய்தது சரிதான். அரை மணி நேரம் முன்னால் சொல்லியிருந்தால் நானே நிதானமாக வாங்கியிருப்பேன் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் ஆர்டர் போடும் முன் அந்தப் பங்கு எளிதில் இரவல் கிடைப்பதா, அரிதானதா என்ற குறியைப் பாருங்கள். 2005இலிருந்து அமலில் உள்ள ரெகுலேஷன் எஸ்எச்ஓ விதிப்படி, இரவல் கிடைக்கும் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இல்லாமல் புரோக்கர் ஷார்ட் ஆர்டரை ஏற்கக் கூடாது. ஆனால் அது உள்ளே போகும் நாளுக்குத்தான் உறுதி, தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கு அல்ல. அரிதான பங்கு என்றால் மார்ஜின் எவ்வளவு வைத்திருந்தாலும் உங்கள் கையில் இல்லாத ஒரு கதவு திறந்தே இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் டிவிடெண்ட், அதாவது ஈவுத்தொகை. எக்ஸ்-டேட்டுக்கு (அந்த நாளிலிருந்து வாங்குபவருக்கு டிவிடெண்ட் கிடையாது) முந்தைய நாள் முடிவில் ஷார்ட் வைத்திருந்தால் அந்தத் தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டும், பங்கின் சொந்தக்காரருக்குப் போய்ச் சேர. உங்கள் நிறுவனம் டிவிடெண்ட் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரக்கண்

இவ்வளவு பாடு எதற்கு, புட் ஆப்ஷன் (குறித்த தேதிக்குள் குறித்த விலைக்குப் பங்கை விற்கும் உரிமை) வாங்கினால் போதாதா? அதற்குக் கொடுத்த விலையான பிரீமியத்துக்கு மேல் நஷ்டம் இல்லை, மார்ஜின் கால் இல்லை, இரவல் இல்லை, டிவிடெண்ட் இல்லை. 4,000 டாலர் கணக்குக்கு அதுதான் பொருத்தம் என்பேன்.

மார்ஜின்மேசை

நஷ்டத்துக்கு வரம்பு என்ற அளவில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் புட்டில் நேரம் எதிரி. புதுக்கரடியின் கணிப்பு, பாக்கியும் சரக்கும் தேங்குவது பற்றியது. அது எந்தக் காலாண்டில் வெளியே தெரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று மாதப் புட் காலாவதியாகி மறுவாரம் பங்கு சரிந்தால் பிரீமியம் போனது போனதுதான். இரவல் கட்டணம் அதிகமாக உள்ள பங்குகளில் புட் விலையிலேயே அது ஏறி உட்கார்ந்திருக்கும், தப்பிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: ஷார்ட் செய்து, கூடவே மேலே உள்ள ஒரு விலையில் கால் ஆப்ஷன் (அந்த விலைக்குப் பங்கை வாங்கும் உரிமை) ஒன்று வாங்கி வைப்பது. அது 100 பங்குக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும், 60 பங்குக்குப் பொருந்தாது. இரவில் திடீரென்று பங்கு தாவினாலும் நஷ்டம் அந்த விலையோடு நிற்கும். வெண்பனி சொன்ன கட்டாய வாங்கலை மட்டும் அதுவும் தடுக்காது.

புதுக்கரடி

எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன், இந்தப் பங்கு எளிதில் இரவல் கிடைக்கும் பட்டியலில் இருக்கிறது, கட்டணம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. டிவிடெண்ட் கிடையாது. 60 பங்கு, கால் விலை 83.33 என்று எழுதி வைத்துக்கொண்டேன். காலாண்டு முடிவு வருவதற்கு முதல் நாள் பாதியை மூடிவிடுவதாகவும் முடிவு செய்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. எல்லாம் நான் நினைத்தபடி நடந்து பங்கு இறங்கினால், ஷார்ட்டை மூடாமலேயே லாபத்தை வெளியே எடுக்க முடியுமா? இறங்க இறங்க எடுக்கக்கூடிய தொகை கூடுகிறது என்று ஒரு நண்பர் சொன்னார்.

மார்ஜின்மேசை

எடுக்கலாம், உங்கள் நண்பர் சொன்னது உண்மை. ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டு எடுங்கள். எளிமைக்காக 100 பங்கு, 4,000 டாலர் என்ற பழைய உதாரணத்தையே வைத்துக்கொள்கிறேன்.

பங்கு 40க்கு இறங்கிவிட்டது. மொத்தப் பணம் 9,000, பங்கின் மதிப்பு 4,000, ஈக்விட்டி 5,000. ரெகுலேஷன் டி கணக்கில் மதிப்பில் பாதி, அதாவது 2,000 இருந்தால் போதும். ஆக 3,000 உபரி என்று திரை காட்டும். அதில் லாபம் 1,000தான், மீதி நீங்கள் பாதுகாப்புக்காக வைத்த உங்கள் சொந்தப் பணம். திரை அதைப் பிரித்துக் காட்டாது.

3,000ஐயும் எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். மொத்தப் பணம் 6,000 ஆகிறது. 1.4ஆல் வகுத்தால் 4,285. பங்கு 42.85ஐத் தாண்டினால் கால். நீங்கள் விற்றது 50இல், பங்கு 43இல் நிற்கிறது, பங்குக்கு 7 டாலர் லாபத்தில் இருக்கிறீர்கள், அப்படியிருந்தும் கால் வருகிறது. லாபமான 1,000ஐ மட்டும் எடுத்தால் மொத்தப் பணம் 8,000, கால் விலை 57.14. எதுவும் எடுக்காவிட்டால் பழைய 64.28 அப்படியே இருக்கும். 60 பங்குக்கு இதே மூன்று கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள், முறை ஒன்றுதான்.